வேளச்சேரி அடுக்ககத்தில் ஒரு பவளத் தொட்டி: திட்டம் முதல் இரண்டாம் கோடை வரை

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் விளக்கிலும் மீனிலும்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சென்னையில் அந்தத் தொட்டி பிழைக்குமா என்பதை முடிவு செய்பவை வேறு: தளம் தாங்கும் எடை, மே மாத வெயில், மின்வெட்டு. 2023 ஜனவரி முதல் 2024 கோடை வரை ஒரு குடும்பம் இந்த மூன்றையும் எதிர்கொண்ட விதத்தை அவர்கள் இசைவோடு இங்கே பதிவு செய்கிறேன். தொட்டியை வடிவமைத்ததில் எனக்குப் பங்கு உண்டு.

பின்னணி

வேளச்சேரியில் நான்கு மாடிக் கட்டடம், அதில் இரண்டாம் தளம். கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார், மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்கு அப்போது பத்து வயது. நன்னீரில் செடித் தொட்டியைப் பல ஆண்டுகள் நன்றாக வைத்திருந்த வீடு அது. நீரைச் சோதிப்பதும் வாரம் தவறாமல் நீர் மாற்றுவதும் அவர்களுக்குப் பழகிய வேலை. கடல்நீருக்கு மாறுபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

அவர்கள் கேட்டது நான்கடி நீளம், இரண்டடி அகலத் தொட்டி. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே தடுப்புபோல நிற்க வேண்டும், இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க முடிய வேண்டும். மகளுக்குக் கிளைகிளையாக வளரும் கல்பவளம் வேண்டும்.

எது கூடாது என்பதிலிருந்து தொடங்கியது

கல்பவளம் பற்றிய கேள்வியை முதல் சந்திப்பிலேயே முடித்துவிட்டோம். பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடல்விசிறி, கருப்புப் பவளம், தீப்பவளம் ஆகியவையும் அப்படியே. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இது. 'லைவ் ராக்' (நுண்ணுயிர் குடியிருக்கும் கடற்பாறை) என்ற பெயரில் தென்மாவட்டக் கடற்கரையிலிருந்து வரும் பாறையும் பெரும்பாலும் பவளம்தான். மலிவாகக் கொண்டுவந்து தருவதாக ஒருவர் கணவரிடம் சொல்லியிருந்தார்.

இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. அலையைத் தடுக்கும் பவளத்திட்டு போனால் அதன் பின்னால் இருக்கும் மணல்தீவும் போய்விடும். ஒரு வீட்டு ஹாலை அழகாக்க அங்கிருந்து ஒரு கல்கூட வரக்கூடாது.

குடும்பம் இதை உடனே ஏற்றுக்கொண்டது. தொட்டிக்குப் போட்டது உலர்ந்த செயற்கைப் பாறை. பவளத்தில் அட்டவணையில் இல்லாத மென்வகைகள் மட்டும்: ஸோவாந்தஸ், காளான் பவளம், தோல் பவளம். அவையும் மற்ற வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் வளர்ந்தவற்றிலிருந்து வெட்டிய துண்டுகள். கோமாளி மீன் பொரிப்பகத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும் என்றும் முடிவானது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரித்து வளர்க்கும் முறையை நன்றாக நிலைநாட்டியிருக்கின்றன. அப்படியிருக்கக் கடலில் பிடித்த மீனை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

வீட்டில் குழந்தை இருந்ததால் ஒன்றைத் தனியாகச் சொல்லி வைத்தேன். ஸோவாந்தஸ், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது. ஆவியைச் சுவாசித்தாலே ஆபத்து.

எடை

நான்கடித் தொட்டி 20 அங்குல உயரத்துடன் சுமார் 378 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, நீரைச் சுத்திகரிக்க அடியில் வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டி, பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 650 கிலோ. அவ்வளவும் எட்டுச் சதுர அடியில், அதாவது முக்கால் சதுர மீட்டரில் இறங்கும். குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு எண்களே போதும்.

பொறியாளர் கட்டட வரைபடத்தை வாங்கிப் பார்த்தார், கீழ்த் தளத்துக்குப் போய் பீம் ஓடும் இடத்தையும் பார்த்துவிட்டு வந்தார். "சார், நடு ஹால்ல வேண்டாம். வெளிச்சுவர் ஓரமா, பீம் மேல வைங்க. மூணடியோட நிறுத்திக்குங்க" என்றார். தடுப்புத் தொட்டி என்ற எண்ணம் அங்கேயே முடிந்தது. மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் அன்று மாலையே சோபாவை நகர்த்தி இடம் ஒதுக்கியவரும் அவர்தான்.

கடைசியில் கொளத்தூரில் செய்யச் சொன்ன தொட்டியின் அளவு 36 × 20 × 18 அங்குலம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. சுற்றில் ஓடும் நீர் சம்ப்பையும் சேர்த்து 210 லிட்டர் அளவு. மொத்த எடை 370 கிலோவுக்குள், ஐந்து பெரியவர்கள் சுவரோரம் நெருங்கி நிற்பதைப் போல.

மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் குழாய் வழியாகச் சம்ப்புக்குத் திரும்பும். நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினாலே 12 லிட்டர். அதைத் தடுக்க வால்வை நம்பவில்லை, ஒரு நத்தை அடைத்துக்கொண்டாலே வால்வு மூடாது. திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்று புகுந்து ஓட்டத்தை நிறுத்தும்படி துளை ஒன்று போட்டோம், சம்ப்பில் 30 லிட்டர் இடத்தைக் காலியாகவே விட்டோம்.

நீர்

கோவளம் பக்கம் படகில் போய்க் கடல்நீரைக் கேன்களில் கொண்டுவரலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கூவம், அடையாறு, முட்டுக்காடு முகத்துவாரங்களின் நீர் கலக்கும் கரையோரக் கடல் இது. வடகிழக்குப் பருவமழையில் உப்பின் அளவும் இறங்கிவிடும். செயற்கைக் கடலுப்பைக் கலந்துகொள்வதென்று தீர்மானித்தோம், ஆயிரத்தில் 35 பங்கு உப்பு.

கலக்கும் நீரில்தான் சிக்கல் இருந்தது. கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 1,100. சமையலறை ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வந்தது 90. குடிக்க அது நல்ல நீர், ருசிக்காகக் கொஞ்சம் மூலநீரைக் கலந்துவிடும் இயந்திரம் அது. பவளத் தொட்டிக்குப் பூஜ்யம் வேண்டும். இல்லாவிட்டால் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும்போது சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் நாள்தோறும் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆர்ஓவுக்குப் பின், மீதி உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் உருளை வைத்த தனி அலகு வாங்கினார்கள். அதில் வடியும் கழிவுநீர் வீடு துடைக்கப் போயிற்று.

வெப்பம்

தொட்டியை எந்த மாதத்தில் தொடங்குவது என்று கேட்டபோது நான் மார்ச் என்றேன். மே முழுவதும் ஓர் உயிர்கூட இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். பாறையில் நுண்ணுயிர் நிலைபெற எப்படியும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தக் காத்திருப்பைக் கத்திரி வெயிலில் வைத்துக்கொண்டால் குளிரூட்டலையும் சேர்த்துச் சோதித்துவிடலாம்.

பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிதான் அதற்குப் பெரும்பங்கு உணவு தருகிறது. நீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் நடந்தது இதுதான். மென்பவளமும் இதற்கு விலக்கில்லை. எங்கள் இலக்கு 26 டிகிரி.

நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரை வாங்கும்போது கடைக்காரர் 1/10 குதிரைத்திறன் போதும் என்றார், பெட்டியிலும் 300 லிட்டர் வரை என்று போட்டிருந்தது. அந்த எண் குளிர்ந்த அறையை மனத்தில் வைத்தது. மே பிற்பகலில் அவர்கள் ஹால் 34 டிகிரி. நீரை 26இல் வைத்தால் கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் 70 முதல் 90 வாட் வெப்பம் உள்ளே வரும். பம்புகள் 30 வாட், விளக்கு 80 வாட். சுமார் 200 வாட்டை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும், அதற்கு மேல் கையிருப்பும் வேண்டும். அதனால் 1/4 குதிரைத்திறன் வாங்கச் சொன்னேன். கண்ணாடித் தொட்டியைவிட அதற்கு அதிகம் செலவானது.

மேற்பரப்பில் விசிறி வைத்தால் போதாதா என்று கணவர் கேட்டார். சென்னையின் ஈரக்காற்றில் விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும், அதற்கே நாளுக்குப் பல லிட்டர் நீர் ஆவியாகும். அவசரத்துக்கு உதவும், அன்றாடத்துக்கு உதவாது.

சில்லரை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபட்டது. துவைக்கும் பால்கனியில் வைக்கலாம் என்றேன். சுவரைத் துளைக்க வேண்டுமே என்று அவர்கள் தயங்கினார்கள். சத்தமும் கண்ணில் படக்கூடாது என்பதும் சேர்ந்து, தொட்டியின் கீழ் தச்சர் செய்த மூடிய அலமாரிக்குள் சில்லர் போயிற்று. பின்பக்கம் இரண்டு சிறிய துளைகள் மட்டும்.

மே முதல் வாரத்தில் பார்த்தது: அலமாரிக்குள் காற்று 42 டிகிரி. நீர் 29.8. சில்லர் நாளில் 22 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அலமாரிக்குள் விட்டு, சூடான அந்தக் காற்றையே மறுபடி உள்ளிழுத்து, பக்கத்தில் இருந்த சம்ப்பையும் அது சூடாக்கியது. இயந்திரத்தின் திறனில் குறையில்லை, வெப்பம் போக வழி இல்லை.

உயிர் எதுவும் இல்லாததால் யாரும் பதறவில்லை. பீமையும் மின்கம்பிக் குழாயையும் தவிர்த்து, பால்கனிச் சுவரில் இரண்டு அங்குலத் துளை போட்டோம். வெப்பக்காப்பு உறை சுற்றிய குழாய்கள் மூன்று மீட்டர் தூரம் போயின, சில்லர் கிழக்குப் பார்த்த பால்கனியின் நிழலில் உட்கார்ந்தது. அதே மாத இறுதியில் நீர் 26.0 முதல் 26.6க்குள் நின்றது, சில்லர் ஓடிய நேரம் எட்டு ஒன்பது மணியாகக் குறைந்தது. மொத்த அமைப்பும் நாளுக்கு நாலரை யூனிட் எடுத்தது, இரண்டு மாதப் பில்லில் 260 யூனிட்டுக்கு மேல். இந்தத் தொகையை முன்கூட்டியே சொல்லாமல் யாருக்கும் தொட்டி கட்டித் தரக்கூடாது என்பது என் எண்ணம்.

முதல் மாதங்கள்

ஜூனில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாயின. ஜூலையில் ஒரு ஜோடி கோமாளி மீன், பிறகு கோபி என்ற சிறு மீன் ஒன்று, நத்தைகள். ஆகஸ்டில் மென்பவளத் துண்டுகள்.

ஆகஸ்ட் இறுதியில் பாறைமேல் பழுப்பு இழைகள் படர்ந்தன, நுனியில் காற்றுக்குமிழிகள், நத்தைகள் சோர்ந்து கிடந்தன. இது டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசி. நீரைச் சோதித்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். மூன்று சிறு மீன்களுக்கு, கழிவை நுரையாக்கி எடுக்கும் பெரிய ஸ்கிம்மரும் பாஸ்பேட் உறிஞ்சியும் ஓடிக்கொண்டிருந்தன. அதிகச் சுத்தமே டைனோவுக்கு இடம் கொடுத்தது. உறிஞ்சியை எடுத்துவிட்டு, தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் பாஸ்பேட்டை 0.05க்கும் மேல் வைத்தபின் ஒன்றரை மாதத்தில் அடங்கியது.

செப்டம்பரில் நடந்தது அதைவிட முக்கியம். குடும்பம் ஒருநாள் வெளியே போயிருந்தபோது, மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்து தொட்டி முழுவதும் நின்றுவிட்டது. அலமாரிக்குள் இருந்த பிளக் போர்டில் உப்புப் படிந்து கசிவு ஏற்பட்டிருந்தது. ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் அவர்கள் திரும்பி வந்தபோது மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தன. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், 25 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 6.2. நீரோட்டமும் நின்றால் பாறையிலுள்ள நுண்ணுயிரும் மீனும் அதை வேகமாகத் தீர்த்துவிடும்.

அதன்பின் எடுத்த முடிவு: வீட்டு இன்வெர்ட்டரைச் சாராமல், 12 வோல்ட் 42 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று, அதில் நேராக ஓடும் 5 வாட் சிறு பம்ப், மின்சாரம் போனதும் தானாக ஓடும்படி இணைப்பு. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 15, 20 வாட்டைத் தின்றுவிடும். நீண்ட மின்வெட்டில் அந்த இழப்பே மீனுக்குத் தேவையான மின்சாரத்தைவிட அதிகம்.

டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3 இரவு பிடித்தது. 4ஆம் தேதி விடியுமுன் மின்சாரம் நின்றது. தெருவில் இடுப்பளவு நீர், கார் நிறுத்துமிடத்திலிருந்த மின்பலகைகள் மூழ்கின.

கணவர் விடிந்ததும் எடுத்த முடிவைப் பாராட்ட வேண்டும். இன்வெர்ட்டரில் ஓடிய, சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் பம்பை நிறுத்திவிட்டு, தொட்டிக்குள் நீரோட்டம் தரும் அலைவிசிறியை மட்டும் விட்டார். விளக்கு, ஸ்கிம்மர், தீனி எதுவும் இல்லை. போனில் என்னிடம் பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சம்ப்ல தண்ணி நிக்குதே, பரவாயில்லையா?" பரவாயில்லை, ஆனால் கரண்ட் வந்ததும் அதை அப்படியே மேலே ஏற்றாதீர்கள் என்றேன்.

அன்றிரவு பதினொரு மணிக்கு இன்வெர்ட்டர் அணைந்தது. சிறு பம்ப் தானாக எடுத்துக்கொண்டது. மின்சாரம் திரும்பியது 6ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு, சுமார் 62 மணி நேரம் கழித்து. நீர் வெப்பம் 25.4இலிருந்து 24.1ஆக இறங்கியிருந்தது. கோபியும் மூன்று நத்தைகளும் இறந்தன. கோமாளி மீன்கள் பிழைத்தன. தோல் பவளம் சுருங்கி, பத்து நாள் கழித்துத்தான் விரிந்தது.

சம்ப்பைத் திறந்தபோது, நுண்ணுயிர் தங்கப் போட்ட செராமிக் துண்டுகள் இருந்த அறையில் அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் தீர்ந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகியிருந்தது. சம்ப்பிலிருந்த நீர் அத்தனையையும் வெளியேற்றி, டிரம்மில் கலந்து வைத்திருந்த 50 லிட்டர் கடல்நீரை ஊற்றிய பிறகே பம்பைப் போட்டார்கள். இதைச் செய்யாமல் பம்பை ஓட்டியிருந்தால் மீதியும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மே 2024

புயலில் தப்பியதை வைத்து அமைப்பு முழுமையாகிவிட்டதென்று கொள்ள முடியவில்லை. டிசம்பரில் வானமே குளிர்வித்தது. மே மாதத்தில் 62 மணி நேரம் என்றால் கதை வேறு. இதைக் கணக்கிட்டுக் குடும்பத்திடம் சொல்லியிருந்தேன்: சில்லர் நின்றால் கோடைப் பிற்பகலில் நீர் மணிக்கு அரை டிகிரி ஏறும், உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட அரை டிகிரியை இறக்கும். ஏப்ரல் முதலே ஃப்ரீசரில் எட்டு பாட்டில்கள் இருந்தன. அந்த மாதங்களில் மாவும் மீனும் வைக்க இடமில்லை என்று மனைவி சொன்னார்.

மே மாத நடுவில் டிரான்ஸ்பார்மர் கோளாறால் பகல் ஒரு மணிக்குப் போன மின்சாரம் இரவு எட்டுக்கு வந்தது. விளக்கை அணைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்து, சிறு விசிறியை மேற்பரப்பில் திருப்பினார்கள். ஆறு மணிக்கு 26.2இலிருந்து 28.6. அப்போது மூடி இறுக்கிய பாட்டில்களைச் சம்ப்பில் இரண்டிரண்டாகப் போட்டார்கள். ஒரேயடியாகக் குளிர்வித்தால் அதுவே அதிர்ச்சி. எட்டு மணிக்கும் 28.5தான். உயிரிழப்பு ஏதும் இல்லை.

இதை எழுதும் இன்றைய நிலையில் ஸோவாந்தஸ் பாறையின் பாதியை மூடிவிட்டது. தோல் பவளத்திலிருந்து இரண்டு துண்டுகளை வேறு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுபடி கட்டினால்

சுவர்த்துளையும் சில்லரின் இடமும் வரைபடத்திலேயே முடிவாகும், தொட்டி வருமுன்பே குழாய் போய்விடும். அலமாரிக்குப் பின்சுவரே வேண்டாம். பிளக் போர்டு நீர்மட்டத்துக்கு மேலே, பக்கச்சுவரில், அலமாரிக்கு வெளியே. ஆர்சிசிபி இரண்டு: ஒன்றில் பம்புகள், மற்றதில் சில்லரும் விளக்கும், ஒன்று விழுந்தாலும் நீரோட்டம் நிற்காதபடி. முதலில் சொன்ன இரண்டையும் இந்தக் குடும்பம் இப்போது மாற்ற முடியாது, அலமாரியின் பின்பலகையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆர்சிசிபியைப் பிரித்தாயிற்று.

சிறு பாட்டரி ஒன்று போதாது. சம்ப்பின் செராமிக் அறைக்குள்ளும் காற்றுக்கல் ஒன்று மின்வெட்டில் ஓட வேண்டும். அதற்காக இரண்டாவது பாட்டரி வாங்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஸ்கிம்மரை நாள் முழுக்க ஓட்டவும் தேவையில்லை, மீன் எண்ணிக்கைக்கு ஏற்ப இரவில் மட்டும் ஓட்டியிருக்கலாம்.

மகள் கல்பவளத்தைப் பற்றி இன்னும் கேட்கிறாள். பதில் மாறவில்லை. பள்ளி விடுமுறையில் ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊருக்கு அழைத்துப்போய், அனுமதியுள்ள இடத்தில் கண்ணாடி அடித்தளப் படகில் காட்டுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

சில்லரின் பின்புறத் தகடுகளில் பால்கனித் தூசி சேர்கிறது. மார்ச் மாதம் அதைத் தூரிகையால் சுத்தம் செய்வதும் ஃப்ரீசர் பாட்டில்களை நிரப்புவதும் இப்போது அவர்கள் காலண்டரில் ஒரே நாளில் குறிக்கப்பட்டிருக்கின்றன.